மூன்று முறையும் ஒரே ஆள்

பம்மல்
12 ஆகஸ்ட் 2024

என் மகள் சுபத்ராவுக்கு அப்பா குப்புராஜ் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணன் சிவகுமாரும் சுகம். கோவில்பட்டியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாரிடமோ சொல்லி எழுத வைத்திருக்கிறார் என்று நினைப்பாய். இல்லை. நானேதான். இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். ஒரு வரி முடித்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். சிவா சிரிக்கிறான். "போன் கையில கீது. அமுக்குனா பேசப்போறா. இதுக்கு இன்னாத்துக்குப்பா ஸ்டாம்பு?" என்கிறான். பேசினால் பேச்சு போய்விடும். இது உன் கையில் இருக்கும்.

பொழிச்சலூர் போகும் வழியில் சர்ச்சை ஒட்டி ஒரு ஹால் இருக்கிறதே, அங்கேதான் சாயங்கால வகுப்பு. சாராள் டீச்சர் சொல்லித் தருகிறார். பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். சம்பளம் இல்லாமல் செய்கிறார். பதினொரு பேர் படிக்கிறோம். எழுபத்திரண்டு வயதில் நான்தான் மூத்தவன், முதல் பெஞ்சும் நான்தான்.

இப்போது ரோட்டில் நேராக நடக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் எழுத்து. நாற்பது வருடம் தோல் ஃபேக்டரியில் வேலை செய்தேனே, அந்த கேட்டுச் சுவரில் 'இங்கே புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் தினமும் பீடி குடித்தேன்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு கடையில் புது போர்டு மாட்டியிருந்தார்கள். 'இங்கு ஏ.சி., வாஷிங் மெஷின் பழுது பார்க்கப்படும்.' நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்து 'பழுது' வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது பின்னால் ஓர் அலறல். திரும்பினால் சாராள் டீச்சர் ரோட்டில் கிடக்கிறார். கறுப்பு பைக் ஒன்று போகிறது. கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். விழுந்ததில் டீச்சருக்கு இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள்.

"மூஞ்சிய பாத்தியா பெருசு?" என்றார் எஸ்.ஐ.

"முதுகத்தான் சார் பாத்தேன்."

"பின்னாடி ஆள் வருதான்னு திரும்பிப் பாக்காமயா போயிருப்பான்?"

"பாத்துருப்பான் சார்."

"அப்ப மூஞ்சி தெரிஞ்சிருக்கும்ல. இருபத்தஞ்சு வயசு இருக்குமா?"

"இருக்கும் சார்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடுகிறேன் சார் என்று பேனாவை எடுத்தேன். "இதுக்குக் கையெழுத்து வேணாம், கெளம்பு" என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. டீச்சருக்காக அந்தத் தாளில் என் பெயர் இருந்திருக்கலாம்.

பதில் போடு. பெரிய எழுத்தில் போடு.

உன் அப்பா
குப்புராஜ்

*

கோவில்பட்டி
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கோர்ட்டு விலாசத்துக்கு வந்தது. உறையில் இருந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல்தான் பிரித்தேன். பிறகு டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்து மேஜை ராஜகோபாலன் சார் பயந்துபோய், "ஊர்ல யாருக்கு என்னம்மா?" என்று கேட்டார். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இந்த எழுத்து நம்ம வக்கீல்கள் எழுத்தைவிடத் தெளிவா இருக்கே" என்றார்.

டீச்சர் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனது நல்லது. சாட்சி சொல்வதை நீதிபதி திருப்பிச் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதுதான் என் வேலை. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்று ஓடிவிடுகிறார்கள். நீங்கள் ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டால் போய் வாருங்கள். தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வசதியாக வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். படிக்க முடிகிறதா?

அன்பு மகள்
சுபத்ரா

*

பம்மல்
24 செப்டம்பர் 2024

சுபத்ராவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை ஒரே நாளில் படித்துவிட்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

இந்த மாதம் எனக்கு இரண்டு பரீட்சை. இரண்டிலும் பாஸ்.

முதல் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வகுப்புப் பரீட்சை. டீச்சர் கட்டுப் போட்ட கையோடு வந்து எல்லோருக்கும் தைரியம் சொன்னார். "ஒண்ணையும் வெறுமையா விட்டுட்டு வராதீங்க. தெரியலன்னாலும் இருக்கிறதுல எது சரின்னு தோணுதோ அதைக் குறிச்சிடுங்க. வெறும் தாளுக்கு மார்க் கிடையாது." அப்படியே செய்தேன். ஒரு கேள்விக்கு நான்கு படம் கொடுத்து எது தபால் பெட்டி என்று கேட்டிருந்தார்கள். அதற்கு யோசிக்கவே இல்லை.

இரண்டாவது பரீட்சை அதற்கு மூன்றாம் நாள். ஆளைப் பிடித்துவிட்டார்கள், வந்து அடையாளம் காட்டு என்று கடிதம் வந்தது. ஜெயிலுக்குள் போனேன். பயப்படாதே, சாட்சியாகத்தான். போலீஸ் யாரும் உள்ளே இல்லை. ஒரு மாஜிஸ்திரேட் ஐயா உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். "முன்னாடியே யாராவது போட்டோ காட்டினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது நிஜம். கதவைத் திறந்தார்கள். ஒரே மாதிரி வயது, ஒரே மாதிரி உயரம், பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். "யாருன்னு பார்த்துத் தொட்டுக் காட்டுங்க" என்றார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பத்துப் பேரும் ஒன்றுபோல் இருந்தார்கள். இரண்டு தரம் நடந்தேன். ஆறாவதாக நின்றவன் மட்டும் பார்த்த முகமாக இருந்தது. அவனும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். திருட்டுப் பயலுக்குத் துணிச்சலைப் பார் என்று தோள்மேல் கை வைத்தேன்.

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். இப்போது அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கடைசியில் நின்றான். என்னை ஏமாற்ற முடியுமா? போய்த் தொட்டேன். மூன்றாம் தரம் இரண்டாவது ஆளாக நின்றான். மூன்று முறையும் ஒரே ஆள்! மூன்றுக்கு மூன்று. அப்போது அவன் சிரிக்கவில்லை.

மாஜிஸ்திரேட் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். மை டப்பாவை ஒரு கிளார்க் நகர்த்தி வைத்தார். "வேணாங்க, எழுதுவேன்" என்றேன். குப்புராஜ் என்று ஐந்து எழுத்தும் கோட்டுக்கு மேலே நிற்கிற மாதிரி போட்டேன். ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்திருப்பாள்.

மழை வரும்போல் இருக்கிறது. அங்கே எப்படி?

அப்பா

*

கோவில்பட்டி
19 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலை அதிகம். பரீட்சையில் தேறியதற்குச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வரிசையில் அந்த ஆள் இல்லாமலும் இருக்கலாம், 'இவர்களில் யாரும் இல்லை' என்றும் நீங்கள் சொல்லலாம் என்று அன்றைக்கு யாராவது உங்களிடம் சொன்னார்களா?

இதை அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

சுபத்ரா

*

பம்மல்
6 டிசம்பர் 2024

சுபத்ராவுக்கு,

யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பேரை நிறுத்தி வைத்து, காட்டு என்றால், ஒருவனைக் காட்டத்தானே கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விடை இல்லாமல் கேள்வி கொடுப்பார்களா?

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் இருந்த ஏட்டிடம், அந்தப் பையன் பேர் என்ன சார் என்று கேட்டேன். "நீதான தொட்ட? பேரு தெரியாமயா தொட்ட?" என்று சிரித்தார். "முகிலன். பொழிச்சலூர் பையன். தண்ணி கேன் போட்டுகினு இருந்தான். கறுப்பு பைக்கு வச்சிக்கினு கீறான், முன்னாடியே ஒரு அடிதடி கேசு. வேற யாரு?"

தண்ணீர் கேன்.

சுபத்ரா, எங்கள் வகுப்பு ஹாலுக்குத் திங்களும் வியாழனும் தண்ணீர் கேன் போட ஒரு பையன் வருவான். கேனைத் தோளில் வைத்திருப்பான். அதில் பாதி முகம் மறைந்துவிடும். இறக்கி வைத்துவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு மூன்று மாதமாக வேறு ஆள் வருகிறான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்த முகமாக இருந்தது என்று எழுதினேன் அல்லவா? பார்த்த முகம்தான். பைக்கில் பார்க்கவில்லை. தெரிந்தவர் வந்திருக்கிறார், நம்மை விட்டுவிடுவார்கள் என்று அவன் சிரித்தான். நான் அந்தத் தோளைத்தான் தொட்டேன்.

அன்றே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சருக்கு யாரைப் பிடித்தார்கள் என்றே தெரியாது. போலீஸ் கேட்டபோது, பின்னால் இருந்து இழுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னாராம். அதோடு விட்டுவிட்டார்கள். முகிலன் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முகிலனா? என்ன அண்ணா சொல்றீங்க? இழுத்தவன் 'விடு கெழவி'ன்னு கத்தினான். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. முகிலன் குரல் எனக்குத் தெரியாதா? வாரம் ரெண்டு நாள் 'டீச்சரம்மா, மூடி டைட்டா கீது, தொறந்து வச்சிட்டுப் போவட்டா'ன்னு கேக்கிற பையன். அது முகிலன் இல்லை."

 டீச்சர் என்னைத் திட்டவில்லை. "கோர்ட்ல நானே வந்து சொல்றேன். நீங்க போய் சாப்பிடுங்க" என்றார்.

அதனால் இன்றைக்குத்தான் சாப்பிட்டேன். டீச்சர் சொன்னால் நம்புவார்கள். ஆனாலும் நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? போலீசிடம் சொல்லட்டுமா? யாரிடம் சொல்ல வேண்டும்? உனக்குத் தெரியும். உடனே எழுது.

அப்பா

*

கோவில்பட்டி
3 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வருட வாழ்த்துகள். இங்கே பனி அதிகம். உங்கள் கண்ணில் நீர் வடிகிறது என்று அண்ணன் போனில் சொன்னான். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. வெயிலில் அலைய வேண்டாம். வெளியே எங்கும் அதிகமாகப் போக வேண்டாம்.

டீச்சர் அம்மா கோர்ட்டில் சொல்கிறேன் என்றார்களே, அவர்கள் சொல்லட்டும். நீங்கள் யாரிடமும் ஒன்றும் பேசாமல் இருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சுபத்ரா

*

பம்மல்
16 பிப்ரவரி 2025

சுபத்ராவுக்கு,

மருந்து விட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. எனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லையோ என்று நான்கு தரம் படித்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

சாராள் டீச்சர் இறந்துவிட்டார். பொங்கலுக்கு மறுவாரம் மகன் ஃபிரெடி வீட்டுக்குப் பெங்களூர் போனார். அங்கே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. அடக்கம் இங்கேதான் நடந்தது. வகுப்பில் இருந்து எல்லோரும் போனோம். மாலையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் எல்லோர் பெயரையும் நான் எழுதினேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ.யைப் பார்த்தேன். நான் பார்த்தது முகத்தை இல்லை சார், டீச்சரும் அது முகிலன் இல்லை என்று என்னிடம் சொன்னார் என்றேன்.

"இன்னா பெருசு, பேஜார் பண்ற? மூணு தபா தொட்டிருக்க. மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி ஸ்டைலா கையெழுத்து வேற. இப்ப வந்து செத்தவங்க சொன்னாங்கன்ற?"

"சொன்னாங்க சார்."

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

"வேற யாரு கேட்டாங்க?"

நானும் டீச்சரும்தான் இருந்தோம். எஸ்.ஐ. ஃபைலை மூடினார். "எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லு. சார்ஜ் ஷீட் போயாச்சு. என் கையில இல்ல."

சிவாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "உனக்கு எதுக்குப்பா இந்த வம்பு? நீ உள்ள போனா யாரு பாக்கிறது?" என்று கத்தினான். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

நீ பேசாமல் இரு என்று எழுதினாய். டீச்சர் சொல்லட்டும் என்றாய். இப்போது டீச்சர் இல்லை. அவர் சொன்னதை நான் கோர்ட்டில் சொல்லலாமா? ஆமாம் என்றோ இல்லை என்றோ மட்டும் எழுது. மருந்தைப் பற்றி எழுதாதே.

அப்பா

*

கோவில்பட்டி
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை. சொல்ல முடியாது.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் வந்து சொன்னால் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொன்னவரே வந்து கூண்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் அவரைக் குறுக்கே கேள்வி கேட்க முடியும். இறந்தவர் சொன்னதை எடுத்துக்கொள்கிற சந்தர்ப்பமும் உண்டு. தன் சாவு எப்படி வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். டீச்சர் அம்மா இறந்தது மாரடைப்பில். சங்கிலியைப் பற்றி அவர்கள் உங்களிடம் சொன்னது வெறும் கேள்விப்பட்ட பேச்சு.

இந்தச் சட்டம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இது இல்லாவிட்டால் ஊரில் பேசுகிற வம்பெல்லாம் சாட்சி ஆகிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். கூண்டில் நிற்பவர் 'எங்க அக்கா சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு' என்று ஆரம்பித்ததும் எங்கள் நீதிபதி கை காட்டுவார். நான் விரலை எடுத்துவிடுவேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார். தாளில் எதுவும் விழாது. அவர் நிறுத்திய பிறகு நான் மறுபடி அடிப்பேன். எத்தனை தரம் விரலை எடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதில் எது டீச்சர் அம்மா சொன்ன மாதிரியானது என்றும் தெரியாது.

நீங்கள் சொல்லக் கூடியது ஒன்றுதான். உங்கள் கண்ணால் பார்த்ததை. 'நான் முகத்தைப் பார்க்கவில்லை' என்று சொல்லுங்கள். சொன்னால் அரசு வக்கீல் உங்களைப் பிறழ் சாட்சி என்பார். எவ்வளவு பணம் வாங்கினாய், யார் மிரட்டினார்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பொய்ச் சாட்சி என்று உங்கள் மேலேயே வழக்கு வந்தாலும் வரும். நல்ல பெயர் வாங்கிய என் அப்பாவை அந்தக் கூண்டில் அப்படி நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் நவம்பர் வரைக்கும் பேனாவை எடுக்கவில்லை. என்ன செய்யட்டும் என்று நீங்கள் கேட்டபோதும் சொட்டு மருந்தைப் பற்றி எழுதினேன். தைரியமாகச் சொல்லுங்கள் என்று உங்களை அனுப்பியவளும் நான்தான்.

அந்தப் பையன் உள்ளே இருப்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போய்ச் சொல்லுங்கள் அப்பா. சம்மன் வந்ததும் போய்ச் சொல்லுங்கள்.

சுபத்ரா

*

பம்மல்
18 மே 2025

சுபத்ராவுக்கு,

நான் சுகம். வெயில் தாங்கவில்லை. தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது.

நீ எழுதியபடியே சொல்ல நான் தயார். கேட்கத்தான் ஆள் இல்லை. மூன்று தரம் கோர்ட்டுக்குப் போய் வந்துவிட்டேன். மார்ச்சில் நீதிபதி லீவு. ஏப்ரலில் வக்கீல்கள் வரவில்லை. இந்த மாதம் நீதிபதி இருந்தார், வக்கீல் இருந்தார், நான் இருந்தேன். முகிலனைக் கூட்டிவர எஸ்கார்ட் போலீஸ் இல்லை என்றார்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன்.

அவனுக்கு ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டதாம். இரண்டு பேர் வந்து ஜாமீன் நிற்க வேண்டும். அவனுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா ஒரு நாள் வந்திருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வீடு வாடகை வீடு. அவருக்காக யார் வருவார்கள்? நான் நிற்கிறேன் என்று அவன் வக்கீலிடம் போனேன். அபிகாயில் என்று ஒரு சின்னப் பெண். கோர்ட்டே இலவசமாக வைத்துக் கொடுத்த வக்கீல்.

"ஐயோ தாத்தா, நீங்க போலீஸ் தரப்பு சாட்சி. நீங்களே அவருக்கு ஜாமீன் நின்னா கேஸ் என்ன ஆகும்? என்கிட்ட நீங்க தனியா பேசறதே தப்பு. யாராவது பார்த்தா, நான் சாட்சியக் கலைச்சேன்னு சொல்லுவாங்க. போய் அந்த பெஞ்ச்ல உட்காருங்க, ப்ளீஸ்."

"நான் பாக்கலம்மா. அத சொல்லத்தான் வந்தேன்."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். "கூண்டுல ஏறினதும் முதல்ல அதைச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போலீசிடம் பேசினால் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். கோர்ட்டில் நீதிபதியிடம் நேராகப் பேச எழுந்தேன், டவாலி உட்கார வைத்துவிட்டார். அவன் வக்கீல் என்னோடு பேசக் கூடாதாம். அரசு வக்கீலுக்கு என் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் பத்து நிமிடத்தில் எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள்.

அடுத்த தேதி ஜூன் 19. கூண்டில் ஏறினால் வாய் குழறிவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லக் கூடாததையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். தாளில் எழுதுவதை யார் தடுப்பார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

பம்மல்
22 ஜூன் 2025

சுபத்ராவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ பயப்படாதே, என் மேல் ஒரு வழக்கும் வராது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையிலேயே போய்விட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தேன். இந்தத் தரம் முகிலனைக் கூட்டிவந்திருந்தார்கள். இளைத்துவிட்டான். வரிசையில் நின்றபோது இருந்த தாடியை எடுத்திருந்தான். இப்போது பார்த்தால் கேன் போடுகிற பையன் என்று யாருக்கும் தெரியும்.

கேஸைக் கூப்பிட்டார்கள். என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெண் வக்கீல் நீதிபதியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி முகிலனைப் பார்த்து, "யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா? நீயா ஒத்துக்கிறியா?" என்று கேட்டார். "நானாதான் ஐயா" என்றான். குற்றத்தை ஒத்துக்கொள்கிறான் என்று எழுதினார்கள். உன்னைப் போலவே ஒரு பெண் டைப் அடித்தாள். விரலை எடுக்கவே இல்லை.

இருந்த நாட்களே தண்டனை என்று சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய பத்து மாதம். சாயங்காலம் ஜெயிலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களாம். நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஐயா, நான் சாட்சி" என்றேன். நீதிபதி நல்ல விதமாகத்தான் சொன்னார். "அவரே ஒத்துக்கிட்டாரு பெரியவரே. இனிமே சாட்சி தேவையில்லை. நீங்க வீட்டுக்குப் போகலாம்." அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அரசு வக்கீல் முதல் தரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரெக்டான ஆளைத்தான் காட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் முகிலனை உட்கார வைத்திருந்தார்கள். வேன் வர வேண்டும். இரண்டு போலீஸ். நான் பக்கத்தில் போனேன். தடுப்பார்கள் என்று நினைத்தேன். "பேசு பெருசு, இனிமே இன்னா கீது" என்று ஒருவர் நகர்ந்துகொண்டார்.

 அவன்தான் முதலில் பேசினான்.

"இன்னா பெருசு, வகுப்பு நடக்குதா?"

"ஏன்பா ஒத்துக்கினே? நான் சொல்றதுக்குத்தான வந்தேன். நான் பாக்கலன்னு சொல்ல வந்தேன்."

"தெரியும். வக்கீலக்கா சொன்னாங்க."

"அப்புறம் ஏன்?"

"நீ இன்னிக்கு சொல்லுவ. அப்பால எஸ்.ஐ. வரணும், டாக்டரு வரணும், ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு வாய்தா. அப்பால ரெண்டு பக்கமும் பேசணும். தீவாளி ஆயிடும். ஒத்துக்கினா இன்னிக்கு ராவு வூட்டு சோறு. அம்மா தனியா கீது பெருசு. கஞ்சி வச்சுக் குடுக்கக் கூட ஆளு இல்ல."

"செய்யாத தப்ப ஒத்துக்கினியே."

"அதுக்கு இன்னான்ற? வெளிய வந்தா கேன் போட முடியாது. திருடன எவன் வூட்டுக்குள்ள வுடுவான்? வேற எதுனா பாக்கணும்." பக்கத்திலிருந்த போலீஸைப் பார்த்து, "ஏட்டு சார், டிப்பார்ட்மெண்ட்ல ஆளு எடுக்கிறாங்களா?" என்றான். ஏட்டும் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

காலில் விழலாமா என்று நினைத்தேன். முழங்கால் மடங்காது. அப்படியே நின்றேன். அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான்.

"இன்னா அது, பேப்பரு?"

"உள்ள சொல்றதுக்கு எழுதிக்கினு வந்தேன்."

"நீயா எழுதின? படி, பாப்போம்."

அங்கேயே அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். நான் போர்டைப் படித்துக்கொண்டிருந்தது, திரும்பியபோது முதுகை மட்டும் பார்த்தது, வரிசையில் ஒன்றும் தெரியாமல் நடந்தது, தெரிந்த முகம் என்று அவனைத் தொட்டது, எல்லாம் அதில் இருந்தது. சில இடத்தில் தடுமாறினேன். அவன் அவசரப்படுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். டீச்சர் என்னிடம் சொன்னது கடைசியில் இருந்தது. அதைப் படித்ததும் நிமிர்ந்துவிட்டான்.

"டீச்சரம்மாவா? அப்டியா சொன்னாங்க?"

"சொன்னாங்க."

"எம் பேரு சொல்லியா?"

"உன் பேரு சொல்லித்தான். அது முகிலன் இல்லைன்னு."

"அவங்க நானுன்னு நெனச்சிக்கினே செத்துட்டாங்கன்னு இருந்தேன் பெருசு. அவங்க போன சேதி வந்ததுலேர்ந்து அதான் ஓடிக்கினு இருந்துச்சு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த இடம் மட்டும் இன்னொரு தபா படி."

படித்தேன். வேன் வந்துவிட்டது. ஏட்டு தோளைத் தட்டினார். எழுந்து போனான். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சிவா இப்போது சந்தோஷமாக இருக்கிறான். "அவனே ஒத்துக்கினான், அப்பால இன்னாப்பா?" என்கிறான். நம் தெருவில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். டீக்கடையில் எனக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். இல்லை, அவன் இல்லை என்று நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, வயதாகிவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நேற்று பொழிச்சலூரில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த அம்மாவுக்கு அவன் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். என்னை இருவரும் பார்க்கவில்லை. நான் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா